கண்டவர் விண்டிலர்: வானில் கண்டதைச் சொல்ல ஓர் இடம் கேட்டு ஒரு விமானியின் திறந்த மடல்

நான் பணியாற்றிய விமான நிறுவனத்தின் பாதுகாப்புத் துறைத் தலைவருக்கும், அந்தத் துறையின் புதிய படிவத்துக்கு ஒப்புதல் வழங்கிய விமானப் போக்குவரத்து ஆணையத்தாருக்கும்:

மூன்று வாரங்களுக்கு முன் ஓர் இரவு, ஒரு காலத்தில் எனக்குத் துணை விமானியாக இருந்து இப்போது கேப்டனாகிவிட்ட நண்பர் தொலைபேசியில் அழைத்தார். அன்று பகலில், 33,000 அடியிலிருந்து இறங்கத் தொடங்கவிருந்த நேரத்தில், தன் விமானத்தின் வலப்புறமாக ஏதோ ஒன்று கடந்து போனது என்றார். கருப்பாக ஒரு பொருள், இரண்டு நொடி. இறக்கை இருந்ததா என்றால் சொல்லத் தெரியவில்லை. தரையிறங்கியதும் உங்கள் புதிய மின்னணுப் படிவத்தைத் திறந்திருக்கிறார். ‘எதைக் கண்டீர்கள்?’ என்ற இடத்தில் விரலை வைத்தால் ஐந்து விடைகள் விரிகின்றன: பறவை, ட்ரோன், பலூன், லேசர் ஒளி, வேறு விமானம். ஆறாவது கிடையாது. ஐந்தில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவும் முடியாது. பழைய தாள் படிவத்தில் ‘பிற’ என்று ஒரு கட்டமும் அதன் பக்கத்தில் எழுத இரண்டு கோடும் இருந்தன. அதை எடுத்துவிட்டீர்கள்.

அவர் ‘பறவை’ என்று குறித்து அனுப்பிவிட்டார். “வேற என்ன சார் பண்றது?” என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரையும் ஆணையத்தின் பெயரையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். எழுதினால், ‘அது அவர்கள் வீட்டுச் சண்டை’ என்று மற்ற நிறுவனங்கள் திரும்பிப் படுத்துக்கொள்ளும். இந்தப் படிவத்தின் அண்ணன் தம்பிகள் வேறு எத்தனை அலுவலகங்களில் இருக்கிறார்கள் என்று விமானிகளுக்குத் தெரியும். இது உங்களுக்குத்தான் என்பது உங்களுக்குப் புரியும். அது போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே எதிரில் இருப்பவரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். பறக்கும் தட்டில் யாரோ வந்து இறங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை, நம்பவும் இல்லை. ‘அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்’ என்ற தொடரில் ஊருக்கெல்லாம் ‘பறக்கும்’ என்பது மட்டும் காதில் விழுகிறது. எனக்கு உறுத்துவது ‘அடையாளம் தெரியாத’. என் முதுகுக்குப் பின்னால் 300 பேர் உறங்கிக்கொண்டிருக்கும்போது என் பாதையில் எனக்கு இன்னதென்று தெரியாத ஒரு பொருள் இருக்கிறது. இதில் அதிசயிக்க ஒன்றுமில்லை, பயப்பட நிறைய இருக்கிறது.

எனக்கு நடந்தது இது. 11 ஆண்டுகளுக்கு முன், நள்ளிரவு தாண்டிய நேரம். நடுக்கடலுக்கு மேல் 39,000 அடி. நிலவு இல்லை. கீழே கண்ணுக்கெட்டிய தூரம் சமதளமாக மேகப்படுகை, நட்சத்திர வெளிச்சத்தில் சாம்பல் பூத்தாற்போல் கிடந்தது. காக்பிட் விளக்குகளைக் குறைத்து வைத்திருந்தோம். விமானத்தின் மூக்குக்குச் சற்று இடப்பக்கம் விலகி ஒரு மஞ்சள் ஒளி. துணை விமானிதான் முதலில் பார்த்தார். மேலே சொன்ன நண்பர்தான் அவர். “ட்ராஃபிக்கா சார்?” என்றார், வேறு விமானமா என்ற பொருளில். திரையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

நட்சத்திரம் என்றுதான் நானும் நினைத்தேன். இருட்டில் தனியாக நிற்கும் ஒளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகர்வதுபோலத் தோன்றும். கண் செய்யும் குறும்பு அது. பயிற்சிப் பள்ளியிலேயே எச்சரித்து அனுப்புவார்கள். ஆகவே தலையை அசைக்காமல், கண்ணாடிச் சட்டத்தின் விளிம்போடு ஒளியைப் பொருத்தி வைத்துப் பார்த்தேன். விமானம் திசை மாறவில்லை, ஒளி மாறியது. மெல்லக் கீழே இறங்கி, அடிவானக் கோட்டைத் தாண்டி, மேகப்படுகைக்கு இந்தப் பக்கம் வந்தது. நட்சத்திரமோ கோளோ மேகத்துக்கு முன்னால் வராது. மேகத்துக்கு அடியில் மீன்பிடிப் படகுகள் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றால் மேலே ஒளி கசியும், பார்த்திருக்கிறேன்; அது பாலில் கரைந்த சாயம்போலப் பரவித் தெரியும். இது புள்ளி. அப்போதுதான் நாற்காலியில் நிமிர்ந்தேன்.

மொத்தம் நான்கு நிமிடம். கடைசிச் சில நொடிகளில் எங்களுக்குக் கீழே இடப்புறமாகப் பின்னோக்கிப் போனது. ஒளியைக் காட்டிலும், அதைச் சுற்றி மேகத்தின் சாம்பலை மறைத்த ஒரு கருமை இருந்ததே, அதைத்தான் இருவரும் பார்த்தோம். எவ்வளவு பெரியது என்று கேட்காதீர்கள். தூரம் தெரியாமல் அளவு சொல்ல முடியாது, சொல்பவர் ஊகிக்கிறார். எங்களுக்கும் அதற்கும் நடுவே 1,000 அடி இருந்திருக்கலாம், 10,000 அடியும் இருந்திருக்கலாம். நாங்கள் நொடிக்கு ஏறக்குறைய 250 மீட்டர் கடந்துகொண்டிருந்தோம். அந்த வேகத்தில், 5 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பொருள் அசையாமல் நின்றால்கூட அதன் மேல் போய் மோத 20 நொடி. கண்டு, புரிந்து, முடிவெடுத்து, அத்தனை டன் எடையைத் திருப்ப அவ்வளவுதான் நேரம்.

கட்டுப்பாட்டு மையத்தைக் கேட்டேன். அந்தப் பகுதியில் வேறு விமானம் இல்லை என்றார்கள். பிறகு, “அறிக்கை தர விரும்புகிறீர்களா?” என்று கேட்டார்கள். எந்தத் தொனியில் கேட்டிருப்பார்கள் என்று இந்தக் கேள்வியைச் சந்தித்த எந்த விமானிக்கும் தெரியும். “இல்லை” என்றேன். நான் வலப்பக்கம் திரும்பவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த துணை விமானி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

மூன்று மணி நேரம் கழித்துத் தரையிறங்கி, இயந்திரங்களை அணைத்த பிறகு அவர் வாயைத் திறந்தார். “பறவை மோதினா எழுதுறோம் சார். டயர்ல கல்லு குத்தினாக்கூட எழுதுறோம்.” அவ்வளவுதான் சொன்னார். எழுதினோம். இருவரும் கையெழுத்திட்டோம். ‘பிற’ கட்டத்துக்குப் பக்கத்தில் ‘இன்னதென்று தெரியவில்லை’ என்று என் கையால் எழுதினேன்.

நான்காம் நாள் தலைமை விமானி தன் அறைக்கு வரச்சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. என் நன்மைக்காகத்தான் பேசினார், கொடுமையே அதுதான். “கேப்டன், இதை ட்ரோன்னு மாத்திக் குடுத்துடுங்களேன். ஃபைல் அங்கேயே மூடிடும்.” நடுக்கடலில், 39,000 அடியில், ட்ரோன். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மாற்ற மாட்டேன் என்றதும், ‘வழக்கமான நடைமுறை’ என்று சொல்லி மனநல மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் ரோஸ்டரில் என் பெயர் இல்லை. என் குடும்பத்தில் யாருக்காவது காதில் குரல்கள் கேட்டதுண்டா என்று மருத்துவர் கேட்டார். அந்த இரவில் மேகம் எந்த உயரத்தில் இருந்தது, காற்று எந்தத் திசையில் வீசியது, அந்தப் பக்கம் யாராவது பலூன் விட்டார்களா, ராணுவப் பயிற்சி எதுவும் நடந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் பார்த்ததை யாரும் ஆராயவில்லை. என்னை ஆராய்ந்தார்கள்.

சான்றுகளும் போய்விட்டன. அன்றைய எங்கள் விமானத்தில் காக்பிட் குரல்பதிவு இரண்டு மணி நேரம்தான் தங்கும். அதற்குப் பிறகு பழைய பேச்சின் மேல் புதிய பேச்சு ஏறிவிடும். நாங்கள் சக்கரத்தைத் தரையில் வைப்பதற்கு முன்பே அந்த நான்கு நிமிடம் அழிந்திருந்தது. கட்டுப்பாட்டு மையத்தின் ஒலிப்பதிவை 30 நாள் வைத்திருப்பார்கள். மதிப்பீடெல்லாம் முடிந்து, ‘பறக்கத் தகுதியானவர்’ என்ற தாளோடு நான் திரும்பி வந்து, அந்தப் பதிவைக் கேட்டுக் கடிதம் எழுதி, அதற்குப் பதில் வருவதற்குள் அந்தக் கெடுவும் தாண்டிவிட்டது.

இதற்கு நடுவே துணை விமானி தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ‘உறுதியாகச் சொல்ல இயலவில்லை’ என்று ஒரே வரி. கேப்டன் தேர்வுக்கு அவருக்கு இரண்டு மாதம் இருந்தது. வீட்டுக்கடன், கைக்குழந்தை. என்னிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் செய்தார். சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. வானொலியில் முதலில் ‘இல்லை’ என்றவன் நான்தானே. ஆனால் எழுதச் சொல்லி என்னை உசுப்பிய அதே ஆள், தோளில் நான்கு பட்டை ஏறிய பிறகு ‘பறவை’ என்று குறிக்கிறார். 11 ஆண்டுகளில் நீங்கள் புகட்டிய பாடம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது, பாருங்கள்.

பறவை என்றதும் இன்னொன்று. 1973 நவம்பர் 29 அன்று மேற்கு ஆப்பிரிக்காவில் அபிஜான் நகருக்கு மேல், 37,000 அடியில், ஒரு பயணிகள் விமானத்தில் ஏதோ மோதியது. ஓர் இயந்திரம் சேதமடைந்து அணைக்கப்பட்டது. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. அந்த உயரத்தில் பறவையா என்று எவரும் கேட்டிருப்பார்கள். ஒட்டிக்கொண்டிருந்த இறகுகளை அருங்காட்சியக வல்லுநர்கள் பார்த்து, ரூப்பல் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு என்றார்கள். பறவை அவ்வளவு உயரம் ஏறும் என்பது இப்படித்தான் பதிவானது. ‘20,000 அடிக்கு மேல் பறவை என்று குறிக்க இயலாது’ என்று அன்று ஒரு படிவம் அடம்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது நடப்பது அதன் மறுபக்கம். என் நண்பரின் 33,000 அடிப் ‘பறவை’ உங்கள் பறவைக் கணக்கில் ஏறிவிட்டது. யாராவது ஒரு நாள் அந்தக் கணக்கை வைத்து ஆய்வு செய்வார். பாவம் அவர்.

‘எல்லாம் வெள்ளிக் கோளாக இருக்கும்’ என்பீர்கள். பெரும்பாலும் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளிதான் என்றாலும் அறிக்கை வேண்டும் என்பது என் கட்சி. 2011 ஜனவரி 14 அன்று டொராண்டோவிலிருந்து சூரிச்சுக்குப் போன ஏர் கனடா விமானத்தில், குட்டித் தூக்கம் போட்டு எழுந்த துணை விமானி, எதிரே தெரிந்த வெள்ளியை முதலில் விமானம் என்று எண்ணினார். உண்மையாகவே எதிரில் ஓர் அமெரிக்க ராணுவச் சரக்கு விமானம் 1,000 அடி கீழே வந்துகொண்டிருந்தது. அது கண்ணில் பட்டதும், மேலிருந்து மோத இறங்கி வருகிறது என்று நினைத்து மூக்கைக் கீழே அழுத்தினார். பயணிகள் 14 பேரும் பணியாளர் இருவரும் காயமடைந்தார்கள். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதை விசாரித்ததால்தான், தூக்கக் கலக்கத்தில் கண் என்னவெல்லாம் செய்யும் என்பது நமக்கு இன்று பாடமாக இருக்கிறது. வெள்ளிதானே என்று மூடியிருந்தால் அந்தப் பாடமும் இல்லை.

2022 ஆகஸ்டில் பசிபிக் கடலுக்கு மேல் இரண்டு விமானங்களில் ஐந்து விமானிகள் விசித்திரமான ஒளிகளைக் கண்டார்கள். அன்றே ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வரிசை அது என்று பிறகு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். கண்டவர்கள் நேரத்தையும் படத்தையும் வைத்திருந்தார்கள், கணக்குப் போட முடிந்தது. பொருள் இன்னதென்று கடைசியில் தெரிந்துபோனால் அறிக்கை வீணாகிவிட்டது என்று அலுவலகங்களில் நினைக்கிறார்கள். அறிக்கை தன் வேலையைச் செய்துவிட்டது என்பது விமானிகளின் எண்ணம்.

மோதாது, தூரத்து ஒளிதான் என்கிற தைரியமும் வேண்டாம். 2025 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு மேல் சுமார் 36,000 அடியில் ஒரு யுனைடெட் விமானத்தின் முன்கண்ணாடியில் ஏதோ வந்து அடித்தது. கண்ணாடி வெடித்து, சில்லுகள் தெறித்துக் கேப்டனுக்குக் காயம். விண்வெளிக் குப்பை என்றுகூட ஊகம் ஓடியது. சில நாள் கழித்து, அது தங்கள் பலூனாக இருக்கலாம் என்று வானிலை பலூன் விடும் ஒரு நிறுவனமே முன்வந்து சொன்னது. மோதும் வரைக்கும் காக்பிட்டில் இருந்தவர்களுக்கு அது அடையாளம் தெரியாத பொருள்தான். உங்கள் படிவம் கேட்பது, மோதாமல் தப்பியவர்கள் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டு வர வேண்டும் என்று.

விமானிகள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பதற்குக் கென்ஜு தெராவுச்சியின் கதை போதும். ஜப்பான் ஏர்லைன்ஸின் கேப்டன். 1986 நவம்பர் 17 அன்று 747 சரக்கு விமானத்தில் பிரெஞ்சு ஒயினை ஏற்றிக்கொண்டு பாரிஸிலிருந்து புறப்பட்டு, அலாஸ்காவுக்கு மேல் பறக்கையில் விளக்குகளும் பிரமாண்டமான ஓர் உருவமும் தன்னைத் தொடர்ந்ததாகச் சொன்னார். அருகில் போய்ப் பார்க்க அனுப்பப்பட்ட இன்னொரு விமானத்தின் கண்ணுக்கு ஜப்பான் விமானம் மட்டுமே தெரிந்தது. ராடாரில் விழுந்த குறி ஜப்பான் விமானத்தின் இரட்டைப் பிம்பம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விளக்கியது. தெராவுச்சி கண்டதில் எவ்வளவு மெய், எவ்வளவு மயக்கம் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவர் கொஞ்சம் மிகையாகப் பேசும் ஆள் என்பதும் என் எண்ணம். ஆனால் பத்திரிகையிடம் பேசிய பிறகு அவரை மேசை வேலைக்கு மாற்றினார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடியும் விமானத்தில் ஏற்றினார்கள். கதையின் அந்தப் பாதிதான் உலகமெங்கும் காக்பிட்களில் உலவுகிறது. 2006 நவம்பரில் சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் விமானிகள் உள்ளிட்ட ஊழியர்கள் பலர் பயணிகள் விமானம் ஏறும் வாசல் ஒன்றின் மேல் ஒரு வட்டப் பொருளைக் கண்டபோது, அதுபற்றித் தங்களிடம் தகவலே இல்லை என்றது அதே விமானப் போக்குவரத்து நிர்வாகம். தகவல் பெறும் சட்டப்படி ஒரு பத்திரிகை கேட்ட பிறகு கோபுரத்துக்கு வந்த தொலைபேசி அழைப்பு வெளிவந்தது. வானிலைக் கோலம் என்று சொல்லி, விசாரணை இல்லை என்று முடித்தார்கள். இருக்கலாம். விசாரித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்பது கடவுளைப் பற்றிச் சொன்ன வாக்கு. விமானப் பாதையைப் பற்றி அப்படிச் சொல்லும் நிலைமை வரக் கூடாது. சொல்லாமல் விட்டதற்கு என்ன விலை என்பது இந்தத் தொழிலுக்குப் புதிதுமல்ல. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனுக்கு வெளியே டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிய டி.டபிள்யூ.ஏ. 514 விமானம், அனுமதி வாசகத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு முன்கூட்டியே இறங்கி மவுண்ட் வெதர் மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். ஆறு வாரத்துக்கு முன், வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே குழப்பத்தில் அந்த மலையை மயிரிழையில் தவறவிட்டு, தங்கள் நிறுவனத்திடம் சொல்லியும் இருந்தார்கள். அந்தச் செய்தி அந்த நிறுவனத்தின் சுவரைத் தாண்டவில்லை. அந்த 92 பேரின் சாவுக்குப் பிறகுதான் 1976-இல், நாசாவின் பொறுப்பில், பெயரை மறைத்துக் காக்கும் விமானப் பாதுகாப்பு அறிக்கை அமைப்பு அமெரிக்காவில் உருவானது. சொன்னவரைத் தண்டிக்காமல் சொன்னதை ஆராய்வது என்ற வழக்கத்துக்கு அதுதான் முன்மாதிரி. உங்கள் பாதுகாப்புக் கையேட்டின் முதல் அத்தியாயத்திலும் இதையே வேறு சொற்களில் எழுதியிருக்கிறீர்கள். நானே அதில் கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறேன்.

வானத்தில் கண்டதைச் சொல்ல மட்டும் ஏன் இடமில்லை? அமெரிக்க விமானிகளுக்கான அரசுக் கையேடு நெடுங்காலம் தந்த அறிவுரை, இத்தகைய தகவலைச் சேகரிக்கும் தனியார் மையத்தைத் தொடர்புகொள்ளுங்கள் என்பது. உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து என்று பட்டால் உள்ளூர்க் காவல்துறைக்குச் சொல்லுங்கள் என்பது. 39,000 அடிக்கு எந்தக் காவல் நிலைய எல்லை என்று தெரியவில்லை. நாசா அமைத்த தனிக்குழு 2023 செப்டம்பரில், இந்த அறிக்கைகளுக்கும் அதே 1976 அமைப்பைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. இதைச் சுற்றியுள்ள களங்க உணர்வே தகவல் சேர்வதைத் தடுக்கிறது என்றும் சொன்னது. வேற்றுக்கிரகத்தவர் என்பதற்குச் சான்றில்லை என்று சொன்னதும் அதே குழுதான். இரண்டும் ஒன்றாக இருக்க முடிகிறது.

முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. 1995 ஜனவரியில் மான்செஸ்டரை நெருங்கிய ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 737-ஐ ஏதோ ஒன்று மிக அருகில் கடந்தபோது இரு விமானிகளும் அறிக்கை கொடுத்தார்கள். விசாரித்த குழுவால் அது என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. முடியவில்லை என்றே எழுதினார்கள். அறிக்கை தந்த விமானிகளின் துணிவைப் பாராட்டியும் எழுதினார்கள். பிரான்ஸில் 1977 முதல் தேசிய விண்வெளி ஆய்வு மையத்திலேயே இதற்கென ஒரு பிரிவு இருக்கிறது. வரும் அறிக்கைகளை ஏ, பி, சி, டி என்று பிரிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாடு: சி என்றால் தகவல் போதாததால் தெரியவில்லை, டி என்றால் தகவல் இருந்தும் தெரியவில்லை. ‘தெரியவில்லை’ என்ற சொல்லை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பொறுமை ஒரு நாட்டு அலுவலகத்துக்கு இருந்திருக்கிறது. உங்கள் படிவத்தில் அந்தச் சொல்லுக்கே இடமில்லை.

உங்கள் பக்கத்து வாதங்கள் எனக்குத் தெரியும். ராடாரில் ஒன்றும் இல்லையே என்பீர்கள். வழித்தடக் கட்டுப்பாட்டில் திரையில் தெரிவது பெரும்பாலும், ராடார் கேட்டால் பதில் சொல்ல விமானத்தில் வைத்திருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவி தரும் பதில். எங்கள் மோதல் தடுப்புக் கருவியும் அந்தப் பதிலைத்தான் கேட்கிறது. பதில் சொல்லும் கருவி இல்லாத பொருள் அதற்குத் தெரியாது, நடுக்கடலில் ராடாரே கிடையாது. கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை என்பதால் வீட்டில் ஆளே இல்லை என்று சொல்ல முடியுமா? விமானிகள் நல்ல சாட்சிகள் அல்ல என்பதும் உங்கள் வாதம். இத்தகைய அறிக்கைகளை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் ப்ளூ புக் திட்டத்துக்கு அறிவியல் ஆலோசகராக இருந்த ஆலன் ஹைனெக்கும் அப்படித்தான் முடிவுக்கு வந்தார். சரி. விமானி எதைக் கண்டாலும் முதலில் மோதலைத்தான் நினைப்பார், அந்தப் பழக்கம் கண்ணைக் கோணலாக்கும். அதனால்தான் எங்கள் பேச்சை நம்பச் சொல்லவில்லை, தரவைப் பாதுகாக்கச் சொல்கிறேன்.

கதவைத் திறந்தால் குப்பை வெள்ளமாக வரும் என்ற பயம் மூன்றாவது. அந்த ப்ளூ புக் திட்டம் 1969-இல் மூடப்பட்டபோது 12,618 அறிக்கைகளில் 701 மட்டுமே விளக்கம் கிடைக்காமல் நின்றன. மற்றவற்றுக்கு ஏதோ ஒரு விடை சொன்னார்கள். சலிக்க முடிகிற குப்பைதான்.

இனி நான் கேட்பவை.

‘இன்னதென்று தெரியவில்லை’ என்ற ஆறாவது விடையைப் படிவத்தில் சேருங்கள். அதன் கீழே எழுத இடம் விடுங்கள். ஒளியா உருவமா, அடிவானத்துக்கு மேலா கீழா, மேகத்துக்கு முன்னாலா பின்னாலா, எத்தனை நொடி, உடன் இருந்தவர் தனியாக என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். ‘எதைப்போல இருந்தது’ என்பதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்டால் மனம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இத்தகைய அறிக்கை வந்த அன்றே குரல்பதிவு, பறப்புத் தரவு, கட்டுப்பாட்டு மைய ஒலிப்பதிவு, ராடார் பதிவு எல்லாவற்றையும் எடுத்து வைப்பது விதியாகட்டும். புதிய விமானங்களில் குரல்பதிவு 25 மணி நேரம் தங்குகிறது. அந்த அவகாசத்தையும் கூட்டம் கூட்டியே கழித்துவிடாதீர்கள்.

கண்டதைச் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக எந்த விமானியையும் மருத்துவ மதிப்பீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று எழுத்தில் தாருங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2024 ஜனவரியில் முன்வைக்கப்பட்ட மசோதா ஒன்று இதே பாதுகாப்பைக் கேட்டது, ஆகவே இது என் சொந்தக் கற்பனை இல்லை. தலைமை விமானியின் அறையில் வாய்மொழியாகத் தரும் உறுதி வேண்டாம். அந்த அறையில் எனக்கும் ஓர் உறுதி தரப்பட்டது.

ஆணையத்தாரிடம் தனியாக ஒன்று: இந்த அறிக்கைகளைப் பெயர் நீக்கி ஆண்டுக்கு ஒரு முறை எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்புங்கள். விடை கிடைத்தவற்றை விடையோடு, கிடைக்காதவற்றை அப்படியே.

கடைசிக் கோரிக்கைக்கு நாள் கணக்கு இருக்கிறது. 33,000 அடியில் ‘பறவை’ என்று உங்களுக்கு வந்த அந்த அறிக்கையைத் திறந்து, அதைத் திருத்த அந்தக் கேப்டனுக்கு வாய்ப்புத் தாருங்கள். அன்று அந்த வான்பகுதியின் ஒலிப்பதிவையும் ராடார் பதிவையும் அழியாமல் எடுத்து வையுங்கள். இதை எழுதலாமா என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்க சார், இந்தத் தடவை கையெழுத்தைத் திரும்ப வாங்க மாட்டேன்” என்றார். 30 நாளில் இன்று 23-ஆம் நாள்.

இப்படிக்கு,
31 ஆண்டுகள் பறந்து ஓய்வுபெற்ற ஒரு கேப்டன்